வலி குறைந்தாலும் மாத்திரை குறையவில்லையே, டாக்டர்?

மூட்டுகள் வீங்கி விறைக்கும் நோயான சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோயைப் பற்றியவை அல்ல. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை எப்படி விடுவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சிலர் அந்த மாத்திரையைக் கண்டாலே நடுங்குகிறார்கள், சிலர் அது இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது என்கிறார்கள். இரண்டு தரப்பும் கடைசியில் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. அதனால் இந்த முறை பதில்கள் முழுக்க அதைப் பற்றியே.

கேள்வி: எனக்கு 46 வயது. நாலு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 10 மில்லிகிராம், தினமும் காலையில் பிரெட்னிசோலோன் 10. மெத்தோட்ரெக்சேட் கேன்சருக்குக் கொடுக்கிற மருந்து என்று மருந்துக் கடையில் சொன்னதால் பயந்துபோய் நடுவில் சில மாதம் அதை நிறுத்தியிருந்தேன், இப்போது மறுபடி போடுகிறேன். டாக்டர் பிரெட்னிசோலோனைக் குறைக்கச் சொன்னார். 7.5, அப்புறம் 5 வரை நன்றாகவே வந்துவிட்டது. சீக்கிரம் விட்டுத் தொலைக்கலாம் என்று நானாகவே ஒரு வாரம் 2.5 போட்டு, அடுத்த வாரம் அடியோடு நிறுத்தினேன். உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, சோற்றைப் பார்த்தாலே குமட்டல். பொறுக்க முடியாமல் மறுபடி 10 போட்டேன், ஒரே நாளில் சரியாகிவிட்டது. நான் இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? – வாசகி, கோவில்பட்டி

பதில்: அடிமையெல்லாம் இல்லை. போதைக்கு ஏங்குவது வேறு, உங்கள் உடம்பில் நடந்தது வேறு.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் அட்ரினல் என்று சின்னதாக ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது தினமும் கார்ட்டிசால் சுரக்கிறது. ரத்த அழுத்தம் தாழாமல் இருப்பது, காய்ச்சல் வந்தால் உடம்பு தாக்குப்பிடிப்பது, காலையில் எழுந்து நடமாடத் தெம்பு வருவது எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஒரு நாளைக்கு உடம்பு தானாகச் சுரக்கும் அளவைப் பிரெட்னிசோலோன் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 5 மில்லிகிராம். நீங்கள் மாதக்கணக்கில் அதற்கு மேல் வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், மூளையில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. தினமும் ஹோட்டல் சாப்பாடு வந்துகொண்டிருக்கும் வீட்டில் அடுப்பு பற்றாமல் கிடப்பதைப் போலத்தான். திடீரென்று ஒருநாள் சாப்பாடு வரவில்லை என்றால் அடுப்பைப் பற்றவைக்க நேரமாகும். அட்ரினல் பழையபடி வேலைக்குத் திரும்பச் சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

10-லிருந்து 5 வரை உங்களுக்குச் சிரமம் தெரியாததற்கும், 5-க்குக் கீழே போனதும் சுருண்டு விழுந்ததற்கும் காரணம் இதுதான். 5-க்கு மேலே நீங்கள் குறைத்தது உடம்பின் அன்றாடத் தேவைக்கு மேற்பட்ட உபரியை. அதற்குக் கீழே குறைப்பது தேவையிலேயே கைவைப்பது. அந்தக் கடைசி 5 மில்லிகிராமை இறக்குவதற்கு, அதற்கு மேலே இருந்ததை இறக்கியதைவிட அதிகக் காலம் பிடித்தால் அதுதான் இயல்பு. அதை நீங்கள் இரண்டே வாரத்தில் முடிக்கப் பார்த்தீர்கள்.

சரி, வந்த வலி நோயா, மாத்திரையை விட்டதால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். சரவாங்கி திரும்பினால் அது குறிப்பான இடத்தில் வரும். விரல் கணுக்கள், மணிக்கட்டு, முன்பாதம் வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், மோதிரம் இறுகும், காலையில் கை மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் ஏறும். மாத்திரை குறைந்ததால் வரும் வலி அப்படி இல்லை. தசை, மூட்டு என்று பேதமில்லாமல் உடம்பெல்லாம் வலிக்கும், ஆனால் வீக்கம் இருக்காது. கூடவே அசதி, பசியின்மை, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், காரணமில்லாத மனச்சோர்வு. உங்கள் கடிதத்தில் வீக்கம் என்ற சொல்லே இல்லை. பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு இது இரண்டாவது வகை என்றுதான் படுகிறது. இரண்டும் கலந்தும் வரலாம் என்பதால் விரல்களைக் காட்டி, ஒரு சி.ஆர்.பி. எடுத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை குறைக்கும்போது வீங்கின மூட்டு எது, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்ற இரண்டை மட்டும் காலண்டரில் குறித்துவாருங்கள். "வலி ஜாஸ்தி டாக்டர்" என்று சொல்வதைவிட அது எங்களுக்குப் பத்து மடங்கு உதவும்.

இனி எப்படிக் குறைப்பது? மறுபடி 10-க்குப் போய்விட்டீர்கள், அதனால் முதல் வேலையாக உங்கள் டாக்டரைப் பாருங்கள், நீங்களாக நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 5 வரை முன்பு வந்த வேகத்திலேயே அவர் இறக்கக்கூடும். அதன்பிறகு மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வேகம். 1 மில்லிகிராம் மாத்திரை எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். கிடைக்கவே இல்லை என்றால் ஒரு நாள் 5, மறுநாள் 2.5 என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்வோம். நடுவில் கோடு போட்ட மாத்திரையை மட்டும் உடையுங்கள்.

5-க்கு வந்த பிறகு காலை எட்டு மணி வாக்கில் ரத்த கார்ட்டிசால் ஒன்று பார்ப்பதும் உண்டு. முந்தைய நாள் காலை மாத்திரைக்குப் பிறகு வேறு எதுவும் போடாமல், அன்றைய மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் பிரெட்னிசோலோனையே கார்ட்டிசால் என்று கருவி கணக்குப் போட்டுவிடும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, விடலாம். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இன்னும் தூங்குகிறது, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு சில மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். இடையில் வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பரிசோதனை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதெல்லாம் இல்லை, அந்த மெத்தோட்ரெக்சேட் விஷயம். ஸ்டீராய்டு தனியாகக் குறையாது, அதன் வேலையை வேறொரு மருந்து எடுத்துக்கொண்டால்தான் குறையும். முடக்குவாதத்தில் அந்த வேறொரு மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கும் தருகிறார்கள் என்பது உண்மைதான். அங்கே தரும் அளவுக்கும் இங்கே வாரம் ஒரு நாள் தரும் அளவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். போட்டவுடன் அதில் எந்தச் சுகமும் தெரியாது, பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், சிலருக்கு மறுநாள் குமட்டலும் உண்டு. பிரெட்னிசோலோனோ காலையில் போட்டால் மத்தியானம் பூ கட்டலாம், மாவு பிசையலாம். எதை மக்கள் விடுவார்கள், எதை விடாமல் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. என்னிடம் வருகிறவர்களில் ஸ்டீராய்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதை: ஸ்டீராய்டிலிருந்து விடுதலை தரக்கூடிய மருந்தை விட்டுவிட்டு, ஸ்டீராய்டை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதோடு 10 மில்லிகிராம் என்பது ஆரம்ப அளவு. ரத்த அணுக்களும் கல்லீரலும் சரியாக இருந்தால் 20, 25 வரைகூடப் போகலாம், 15-க்கு மேல் வயிறு சரியாக உறிஞ்சாது என்றால் ஊசியாக மாற்றலாம், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற வேறு முடக்குவாத மருந்துகளைச் சேர்க்கலாம். இதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள். (வாரத்துக்கு ஒரு நாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி ஐ.சி.யு.வுக்குப் போனவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டிலேயே பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலரால் முழுதாக விட முடியாமல் போகலாம். 2020-இல் வெளியான செமிரா என்ற ஆய்வில், டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்தில் நோய் கட்டுக்குள் இருந்த முடக்குவாதக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 5 மில்லிகிராமைத் தொடர்ந்தார்கள், மறு பாதிக்கு மாதம் ஒரு மில்லிகிராமாகக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களில் 65 சதவீதம் பேருக்கு நோய் தலைதூக்காமல் இருந்தது, தொடர்ந்தவர்களில் 77 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு பேர் விட்டுவிட முடிகிறது என்றால், முயற்சி செய்து பார்க்க அது போதுமான காரணம் என்பது என் கட்சி. முடியாத மீதிப் பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால் அது உங்கள் குற்றம் கிடையாது.

கேள்வி: முகம் பௌர்ணமி மாதிரி ஊதிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. மாத்திரை குறைந்தால் பழைய முகம் வருமா? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: வரும். ஒரே வாரத்தில் வராது, அளவு குறையக் குறைய மாதக்கணக்கில் வற்றும். கழுத்துக்குப் பின்னால் திரண்ட கொழுப்பும் அப்படியே. வயிற்றிலோ தொடையிலோ சிவந்த வரிகள் இருந்தால் அவை வெளிறுமே தவிர முழுக்க மறையாது. முகத்துக்காக மட்டும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 63 வயது, இரண்டு முழங்காலும் கைகளும் வலி. உறவுக்காரர் ஒருவர் மூலம் மூலிகைப் பொடி என்று ஒரு டப்பா வாங்கி வந்தார்கள், பெயர், முகவரி எதுவும் இல்லை. மூன்றே நாளில் வலி போய்விட்டது, நன்றாகச் சாப்பிட்டார், முகமெல்லாம் பூரித்தது. ஒரு வருடம் சாப்பிட்டார். போன மாதம் பொடி கிடைக்கவில்லை. ஒரு வாரத்தில் வாந்தி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், பிரஷர் 80-க்கு இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஸ்டீராய்டு சாப்பிட்டாரா என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் சொன்னோம். – வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் சாப்பிட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அவருக்கே தெரியாமல். உண்மையான மூலிகை எதுவும் வருடக்கணக்கான மூட்டு வலியை மூன்று நாளில் துடைத்துப் போடாது. மூன்று நாளில் வலி போய், பசி எடுத்து, முகம் பூரித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பொடித்துக் கலந்திருக்கிறார்களா என்பதை. இப்படிக் கலப்படம் செய்யப்பட்ட பொடிகளும் லேகியங்களும் பரிசோதனைக் கூடங்களில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. சில இடங்களில் மருந்துக் கடையிலேயே பெயர் தெரியாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து "வேளைக்கு ஒண்ணு" என்று தருவார்கள் இல்லையா, அதிலும் ஒரு வெள்ளைப் பொடி மாத்திரை பல நேரம் இதுதான். டெக்சாமெத்தசோன் முக்கால் மில்லிகிராமே பிரெட்னிசோலோன் 5-க்குச் சமம், அவ்வளவு வீரியம். உள்ளே எவ்வளவு கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாததுதான் பெரிய ஆபத்து.

உங்கள் மாமியாருக்கு நடந்தது, கார்ட்டிசால் திடீரென்று போதாமல் போகும் அட்ரினல் நெருக்கடியாக இருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்தான விஷயம். கார்ட்டிசாலையே மருந்தாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் ஏறினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஆனால் அதைத் தர வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றுவதற்கு நீங்கள் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். உடனே போய் டப்பாவைக் காட்டுங்கள், மிச்சம் இருந்தால் எறிய வேண்டாம். அவருக்குக் கார்ட்டிசால் பரிசோதித்து, தேவைப்பட்டால் அளவு தெரிந்த ஒரு ஸ்டீராய்டைத் தொடங்கி, அதிலிருந்து படிப்படியாக இறக்க வேண்டும். ஸ்டீராய்டை விடுவதற்கு ஸ்டீராய்டே கொடுக்கிறார்களே என்று வீட்டில் யாராவது சண்டைக்கு வந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். கூடவே, முழங்கால் தேய்மானமா, சரவாங்கியா என்று இப்போதாவது முறையாகப் பார்த்துவிடுங்கள். சென்னை ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

கேள்வி: எனக்கு 27 வயது, முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். டெஃப்ளாசகார்ட் 6 மில்லிகிராம் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன், இது ஸ்டீராய்டு இல்லை என்று சொன்னார்கள். வலி அப்படியேதான் இருக்கிறது. – வாசகர், ஓசூர்

பதில்: அது ஸ்டீராய்டேதான். டெஃப்ளாசகார்ட் 6-ம் பிரெட்னிசோலோன் 5-ம் ஒன்று. அதைவிட முக்கியம், உங்கள் நோய் முதுகை மட்டும் பிடித்திருக்கிறது என்றால் தினசரி ஸ்டீராய்டு மாத்திரையால் பெரிய பயன் கிடையாது, நீண்ட நாள் தர வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதல்கள் எல்லாம் சொல்கின்றன. உங்களுக்கு வேலை செய்வது நேப்ராக்சன், எட்டோரிகாக்சிப் மாதிரியான வலி வீக்க மாத்திரைகள், தினசரி உடற்பயிற்சி, அவை போதாவிட்டால் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசி மருந்துகள். சிகரெட் இருந்தால் அதை விடுவது. ஒரு வருடம் ஆகிவிட்டதால் டெஃப்ளாசகார்ட்டை நாளைக்கே நிறுத்த வேண்டாம், படிப்படியாக இறக்க உங்களுக்கும் வழி அதேதான். இறக்குகிற காலத்தில் இந்த வலி மாத்திரைகளையும் சேர்த்துப் போட நேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு வாய்ப்பு கூடும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு ஐந்து நாள் மட்டும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் கொடுத்தார்கள். இதையும் இறக்கித்தான் விட வேண்டுமா? – வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். மூன்று வாரத்துக்குக் குறைவாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சுரப்பி தூங்கிப்போவதில்லை. வருடத்தில் இப்படி அடிக்கடி வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள், அது வேறு கணக்கு.

கேள்வி: நான் 4 மில்லிகிராமுக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் ஒரு பல் பிடுங்க வேண்டும், ஹெர்னியா ஆபரேஷனும் பாக்கி இருக்கிறது. நடுவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி, சார். குறைத்துக்கொண்டு வரும் காலத்தில் உடம்புக்கு நெருக்கடி வந்தால் அட்ரினலால் கூடுதலாகச் சுரக்க முடியாது. அதனால் 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று வந்தால் அந்த இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் மாத்திரையை இரட்டிப்பாக்கி, சரியானதும் பழைய அளவுக்குத் திரும்பச் சொல்வது வழக்கம். உங்களுக்கு எவ்வளவு என்பதை இப்போதே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், காய்ச்சல் வந்த ராத்திரியில் டாக்டரைத் தேட முடியாது. வாந்தியெடுத்து மாத்திரையே உள்ளே தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், ஊசி போட வேண்டும். பல் பிடுங்குவதற்கு அன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனாலே பெரும்பாலும் போதும், ஆனால் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெர்னியாவுக்கு மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் ஆபரேஷன் நேரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றுவார். மாத்திரையை முழுக்க நிறுத்தி ஒரு வருடம் வரைக்கும் இந்த ஜாக்கிரதை வேண்டும். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் "ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று ஒரு சீட்டு இருக்கட்டும்.

கேள்வி: வெறும் வயிற்றில் சுகர் 96, நார்மல் என்கிறார்கள். ஆனால் சாயங்காலம் தாகமாக இருக்கிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறேன். இரண்டு வருடமாகப் பிரெட்னிசோலோன் 7.5 எடுக்கிறேன். சமீபமாக இடது தொடை இடுக்கில் நடந்தால் வலி. – இல்லத்தரசி, சேலம்

பதில்: காலையில் போடும் ஸ்டீராய்டு சர்க்கரையை மத்தியானத்துக்குப் பிறகுதான் ஏற்றும். விடிவதற்குள் இறங்கிவிடும், அதனால் வெறும் வயிற்றுப் பரிசோதனை உங்களை ஏமாற்றும். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், கூடவே மூன்று மாத சராசரி.

தொடை இடுக்கு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவது உண்டு, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். இதுவும் சரவாங்கி வலிதான் என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகும். எலும்பு அடர்த்தியும் பார்த்திருக்கிறார்களா? தினம் 2.5 மில்லிகிராமே ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிட வேண்டும் என்பதுதான் விதி. கால்சியம் நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240. மீதிக்கு மாத்திரை, கூட வைட்டமின் டி. எலும்பைப் பலப்படுத்தும் அலெண்ட்ரோனேட் எழுதினால் அதுவும் வாரம் ஒருமுறைதான், வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: மாத்திரை 3 மில்லிகிராமுக்கு வந்திருக்கிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பது என் வழக்கம். இந்த வருடம் இருக்கலாமா? – வாசகி, திருச்செந்தூர்

பதில்: இருக்கலாம், சில நிபந்தனைகளோடு. காலை மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது, அதோடு ஒரு டம்ளர் பாலாவது பழமாவது போக வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் உங்களுக்கு ஆகாது. அந்த ஆறு நாளும் அதற்கு முந்தைய வாரமும் அளவைக் குறைக்க வேண்டாம், 3-லேயே நில்லுங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் கேட்காமல் தொடங்காதீர்கள். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கே விரதத்தை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சூரசம்ஹாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோன்பு வைக்கும் இஸ்லாமிய வாசகர்கள் சஹர் உணவோடு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம், நாளுக்கு ஒருமுறை போடுகிறவர்களுக்கு அந்த நேரம் பொருத்தமானதுதான். ஆனால் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுகிறவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.